உரிமம் இல்லாத சினிமாப் பொம்மைகள்: சேகரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சினிமாக் கதாபாத்திரங்களின் ஆக்‌ஷன் ஃபிகர்களைச் சேர்க்க ஆரம்பித்த எவரும் ஒரு கட்டத்தில் உரிமம் வாங்காமல் செய்த ‘பூட்லெக்’ பொம்மை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார். பிடித்துப்போகும். உடனே பயமும் வரும்: இதை வாங்கலாமா, போலீஸ் வருமா, சுங்கத்தில் மாட்டுமா? அப்படி வருகிற கேள்விகளுக்கான பதில்கள் இவை. சட்டம் என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் இந்தியச் சட்டத்தையே சொல்கிறேன். வழக்கு வெளிநாட்டில் நடந்திருந்தால் நாட்டின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, நீண்ட நாள் சேகரிப்பாளன். கையில் நோட்டீஸ் வந்துவிட்டது என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

எல்லாமே ஒரே டூப்ளிகேட்தானே? இதில் என்ன வகைகள்?

ஒன்றில்லை. அசலின் பெட்டி, லோகோ, பார்கோடு வரை அப்படியே நகலெடுத்து அசல் என்றே விற்பது கள்ளப் பொருள். ஏமாற்றுவதுதான் அதன் வேலை. பூட்லெக் வேறு மாதிரி. அது அசல்போல நடிப்பதே இல்லை. பெயர் தப்பாக இருக்கும், நிறம் தப்பாக இருக்கும், அட்டையில் சம்பந்தமில்லாத படம் இருக்கும். சூப்பர்மேன், பேட்மேன், ஷ்ரெக் எல்லோரையும் ஒரே பாக்கெட்டில் போட்டு ‘சென்ஸ் ஆஃப் ரைட் அலையன்ஸ்’ என்று பெயர் வைத்த அந்தப் புகழ்பெற்ற செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ரோபோகாப் பொம்மைக்கு ‘ராபர்ட் காப்’ என்று பெயர் வைத்து விற்றவர்களும் உண்டு.

அப்புறம் ரீகாஸ்ட்: அசல் பொம்மையிலிருந்தே அச்செடுத்து வார்த்தது. கஸ்டம்: ஒரு ரசிகர் கையால் செய்த ஒற்றைப் பொம்மை. மூன்றாம் தரப்புத் தயாரிப்பு: ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் சேகரிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். சொந்தமாக வடிவமைத்து, சொந்தமாக அச்சு செய்து, அசலைவிட விலை கூட்டி விற்பார்கள். உரிமம் மட்டும் இருக்காது.

சட்டம் இவை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவதில்லை. கள்ளப் பொருளில் வணிகச் சின்னச் சட்டமும் பதிப்புரிமைச் சட்டமும் சேர்ந்தே பாயும். பெயரே இல்லாத மூன்றாம் தரப்புப் பொம்மையில் பதிப்புரிமைக் கேள்விதான் முதன்மையாக நிற்கும்.

சரி, அசல் கிடைக்கும்போது இதை ஏன் சேகரிக்கிறார்கள்?

அசல் கிடைக்காத ஊர்களில்தான் இந்தக் கதையே ஆரம்பம். 1977-இல் ஸ்டார் வார்ஸ் வெளியானபோது கென்னர் நிறுவனத்திடம் பொம்மைகள் தயாராக இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு, பொம்மைகளை அடுத்த ஆண்டு அனுப்புகிறோம் என்ற அத்தாட்சியோடு வெறும் அட்டையை விற்றார்கள். 1978-இல் வந்த மூன்றேமுக்கால் அங்குலப் பொம்மைகள் அமெரிக்காவையும் மேற்கு ஐரோப்பாவையும் அள்ளிக்கொண்டு போயின. துருக்கி, போலந்து, ஹங்கேரி போன்ற நாடுகளுக்கு அவை முறையாகப் போய்ச்சேரவில்லை. ஆசை மட்டும் போய்ச்சேர்ந்துவிட்டது. யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்த கென்னர் பொம்மையில் அச்செடுத்து, கிடைத்த பிளாஸ்டிக்கை ஊற்றி, கிடைத்த பெயின்டை அடித்து விற்றார்கள்.

இவற்றில் 1980-களின் துருக்கி ‘உசாய்’ பொம்மைகளுக்குத் தனி மரியாதை உண்டு. படத்திலேயே இல்லாத ‘ஹெட் மேன்’, ‘ப்ளூ ஸ்டார்ஸ்’ என்ற பெயர்களில் வந்தவற்றைத்தான் சேகரிப்பாளர்கள் உயிரைக் கொடுத்துத் தேடுகிறார்கள். ஸ்டார்ம்ட்ரூப்பர் என்ற பெயரையே எழுத்துப் பிழையோடு அச்சடித்திருப்பார்கள். அட்டை கசங்காத உசாய் ஒன்று இன்று பெரும்பாலான கென்னர் அசல்களைவிட அதிக விலைக்குப் போகிறது.

போலந்து பொம்மைகளுக்கு வேறு அழகு. ஒரே அச்சில் வார்த்ததை ஆளாளுக்கு ஒரு நிறத்தில் அடித்ததால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. போலந்தில் பழைய பதிப்புரிமைச் சட்டத்தை மாற்றிப் புதுச் சட்டம் வந்ததே 1994-இல்தான்.

என் கருத்து: இவை திருட்டுதான், ஆனால் திருட்டு மட்டுமில்லை. ஒரு படம் எங்கெல்லாம் போனது, எங்கே எப்படி மாறியது என்பதற்கு இந்தப் பொம்மைகள்தான் சாட்சி. இன்று இணையத்தில் மொத்தமாகக் கிடைக்கும் மலிவு நகல்களுக்கு அந்த மதிப்பு இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன்.

வெளிநாட்டு அட்டையில் விசித்திரமாக இருக்கும் பழைய பொம்மைகள் எல்லாம் பூட்லெக்தானா?

இல்லை, இதில் பலர் நல்ல சரக்கைக் கைவிடுகிறார்கள். மெக்சிகோவின் லிலி லெடி, பிரேசிலின் கிளாஸ்லைட், அர்ஜென்டினாவின் டாப் டாய்ஸ், ஜப்பானின் டகாரா எல்லாம் முறையான உரிமம் பெற்றவை. அமெரிக்காவில் வெளியிடத் திட்டமிட்டுக் கைவிட்ட ‘விலிக்ஸ்’ என்ற பொம்மையைக் கிளாஸ்லைட்தான் பிரேசிலில் விற்றது. அது முழுக்க உரிமம் பெற்ற, மிக அரிய பொம்மை.

வீட்டு அலமாரியில் பூட்லெக் வைத்திருப்பது குற்றமா?

இந்தியாவில் குற்றமில்லை.

காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 51-வது பிரிவு எவையெல்லாம் மீறல் என்று வரிசையாகச் சொல்கிறது: விற்பனைக்காகச் செய்வது, விற்பது, வாடகைக்கு விடுவது, வணிக நோக்கில் விநியோகிப்பது, வணிக நோக்கில் பொதுவில் காட்சிக்கு வைப்பது, இறக்குமதி செய்வது. வாங்குவதும் வைத்திருப்பதும் அந்த வரிசையில் இல்லை. மீறல் நகலை வெறுமனே பயன்படுத்துவதையே குற்றமாக்கும் பிரிவு ஒன்று உண்டு, 63பி. அது கணினி மென்பொருளுக்கு மட்டும். வணிகச் சின்னச் சட்டம், 1999-ம் வணிகத்தின்போது சின்னத்தைப் பயன்படுத்துவதைப் பற்றியே பேசுகிறது. அலமாரியில் தூசி படிந்து நிற்கும் டார்த் வேடர் எந்த வணிகமும் செய்வதில்லை.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கலாமா?

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். இறக்குமதி மேலே சொன்ன வரிசையில் இருக்கிறது அல்லவா? ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது: இறக்குமதி செய்பவரின் சொந்த, வீட்டு உபயோகத்துக்காக ஒரு படைப்பின் ஒரு நகலைக் கொண்டுவந்தால் அது மீறல் ஆகாது. ‘ஒரு நகல்’ என்பதைக் கவனியுங்கள். ஒரு உசாய் பொம்மைக்கு இந்த விலக்கு உண்டு. அதே பொம்மை ஆறு, நண்பர்களுக்குச் சேர்த்து, என்றால் கிடையாது.

சுங்கத்துறைக்கென்று 2007-இல் அறிவுசார் சொத்துரிமை அமலாக்க விதிகள் வந்தன. உரிமையாளர் சுங்கத்தில் பதிவுசெய்து வைத்தால், சந்தேகப்படும் சரக்கை அதிகாரிகள் நிறுத்திவைக்கலாம். அந்த விதிகளும் பயணப் பெட்டியில் வரும் வணிக நோக்கமற்ற பொருள்களையும், சொந்த உபயோகத்துக்கான சிறு பார்சல்களையும் விட்டுவிடுகின்றன.

அப்படியென்றால் கவலை இல்லையா என்றால், இருக்கிறது. வேறு கதவு வழியாக வரும். 2020-இன் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடுவதற்கான பொம்மை என்றால் ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும். 1980-களின் துருக்கிப் பொம்மைக்கு எங்கே போய் ஐஎஸ்ஐ வாங்குவது? இது பெரியவர்கள் சேகரிக்கும் பொருள், விளையாட்டுப் பொம்மை இல்லை என்று வாதாட இடம் உண்டு. விற்பவர் பில்லில் ‘பழைய சேகரிப்புப் பொருள்’ என்று தெளிவாக எழுதியிருந்தால் உதவும். ஆனால் வெளிநாட்டுத் தபால் பிரிவில் பார்சலைத் திறக்கும் அதிகாரியின் முடிவு எப்படியும் போகலாம். நடைமுறையில் சேகரிப்பாளர்களுக்குப் பதிப்புரிமையைவிட இந்த ஆணையால்தான் தலைவலி அதிகம்.

இன்னொன்று. விற்பவரிடம் ‘கிஃப்ட்’ என்று எழுதச் சொல்லாதீர்கள். பரிசுப் பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள்; உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் மட்டும்தான் மிச்சம். வரி மிச்சமாகாது. பொய்யான விவரம் கொடுத்தது என்று சுங்கச் சட்டப்படி பறிமுதலுக்குக் காரணம் மட்டும் கிடைக்கும்.

வெளிநாட்டுப் பயணத்தில் வாங்கிக் கையில் கொண்டுவந்தால்?

இந்தியாவுக்குள் வருவதைவிட, வாங்கும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். இத்தாலியில் கள்ளச் சரக்கை வாங்கும் வாடிக்கையாளருக்கே அபராதம் உண்டு. அது 7,000 யூரோ வரை போகலாம். பிரான்சில் போலிச் சின்னம் கொண்ட பொருளை வைத்திருப்பதே சுங்கக் குற்றம். அமெரிக்கச் சுங்கம் கொஞ்சம் தாராளம். பயணி தன் சொந்த உபயோகத்துக்கு, போலிச் சின்னம் உள்ள பொருளில் வகைக்கு ஒன்று என்று கொண்டுபோகலாம். அதுவும் 30 நாளுக்கு ஒருமுறைதான்.

இவை பெரும்பாலும் போலி லோகோவைக் குறிவைத்த சட்டங்கள். லோகோவே இல்லாத பழைய பூட்லெக்கை ஒரு விமான நிலைய அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்பது அவரைப் பொறுத்தது.

உள்ளூர்க் கடையில் தெரியாமல் வாங்கிவிட்டேன். என்ன செய்ய?

ஒன்றும் செய்ய வேண்டாம். அசல் என்று சொல்லி அசல் விலை வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். சௌகார்பேட்டை மொத்தக் கடையில் நூறு ரூபாய்க்கு ஸ்பைடர்மேன் வாங்கிவிட்டு ஏமாந்துவிட்டேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

என்னிடம் உள்ள பூட்லெக்கை விற்கலாமா? பூட்லெக் என்று சொல்லியேதான் விற்கிறேன்.

நேர்மைக்குப் பாராட்டு. ஆனால் சட்டத்தில் அது முழுப் பாதுகாப்பு இல்லை. 51-வது பிரிவில் ‘விற்பது’ என்று மட்டும்தான் இருக்கிறது. கடை வைத்து விற்பதா, ஒன்றே ஒன்றை விற்பதா என்று பிரிக்கவில்லை. அசல் பொம்மையை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் மறுபடி விற்கும் உரிமை உங்களுடையது; மீறல் நகலுக்கு அந்த வாதம் ஓடாது.

தெரிந்தே செய்தால் 63-வது பிரிவு: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணங்களை எழுதிவைத்துத் தண்டனையைக் குறைக்கலாம். 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம், இது போலீஸ் தானாகவே வழக்குப் பதியக்கூடிய, ஜாமீன் தானாகக் கிடைக்காத குற்றம் என்று சொல்லிவிட்டது. பூட்லெக் என்று நீங்களே விளம்பரத்தில் எழுதுவது ‘தெரிந்தே’ என்பதற்கு நீங்களே எழுதிக்கொடுத்த வாக்குமூலம். ஆனால் எழுதாமல் விற்றால் அது வாங்குபவரை ஏமாற்றுவது, இன்னும் மோசம். நான் சொல்வதைவிட நீங்களே யோசித்துப் பார்க்கலாம், இந்த இரண்டில் எது பரவாயில்லை என்று.

நடைமுறை என்னவென்றால், நாற்பது ஆண்டுப் பழைய ஒற்றைப் பொம்மையை ஒரு சேகரிப்பாளர் இன்னொருவருக்குக் கொடுப்பதைப் பிடித்து வழக்குப் போட உரிமையாளர்களுக்கு நேரமில்லை. அவர்கள் பெரிய மீன்களைப் பார்க்கிறார்கள். சீனாவில் ‘லெபின்’ என்ற பெயரில் லெகோ செட்டுகளை, ஸ்டார் வார்ஸ் செட்டுகள் உட்பட, நகலெடுத்துத் தள்ளிய கூட்டத்தை 2019-இல் ஷாங்காய் போலீஸ் பிடித்தது. 2020 செப்டம்பரில் ஒன்பது பேருக்குத் தண்டனை. தலைவருக்கு ஆறு ஆண்டு சிறையும் 9 கோடி யுவான் அபராதமும். சிறு விற்பனையைக் கண்டுகொள்ளமாட்டார்கள் என்பதற்காகப் பழைய அச்சிலிருந்து புதிதாக வார்த்து விற்கும் வேலையில் இறங்காதீர்கள். அங்கே நீங்கள் சேகரிப்பாளர் இல்லை, உற்பத்தியாளர்.

இணையச் சந்தைகளில் இன்னொரு சங்கடம். உரிமையாளர் ஒரு மின்னஞ்சல் போட்டால் தளத்தார் உங்கள் விற்பனை விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள், சில நேரம் கணக்கையும் சேர்த்து. அங்கே நீதிமன்றம் வரை பேசிக்கொண்டிருக்க வழியில்லை.

பொம்மைக்கு உண்மையிலேயே பதிப்புரிமை உண்டா? அது ஒரு விளையாட்டுச் சாமான்தானே?

இந்தத் துறையிலேயே ரசமான கேள்வி இதுதான். நாட்டுக்கு நாடு பதில் மாறும்.

இங்கிலாந்தில் 1902-இலேயே ‘பிரிட்டன்’ என்ற பொம்மை நிறுவனத்தின் உலோகச் சிப்பாய்ப் பொம்மைகளைச் சிற்பம் என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 1983-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், விளையாட்டு விமானம் ஒரு உபயோகப் பொருள் இல்லை, நிஜ விமானத்தைச் சித்திரிப்பதுதான் அதன் வேலை, ஆகவே பதிப்புரிமை உண்டு என்றது. அமெரிக்காவில் பொம்மைக் கம்பெனிகள் இன்றுவரை இந்தத் தெம்பில்தான் இருக்கின்றன.

அப்புறம் வந்தார் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த். 1976-இல் ஸ்டார் வார்ஸ் படப்பிடிப்புக்கு ஸ்டார்ம்ட்ரூப்பர் தலைக்கவசங்களை வார்த்துக்கொடுத்தவர் இவர். 2004-இல் பழைய அச்சுகளை வைத்துப் புதுக் கவசங்கள் செய்து இணையத்தில் விற்க ஆரம்பித்தார். லூகாஸ்ஃபில்ம் அமெரிக்காவில் வழக்குப் போட்டு 2 கோடி டாலருக்குத் தீர்ப்பு வாங்கியது. ஐன்ஸ்வொர்த் இருந்ததோ இங்கிலாந்தில். அங்கே மறுபடி வழக்கு. கவசம் ஒரு சிற்பம் என்றால் நீண்ட பதிப்புரிமை. சிற்பம் இல்லை என்றால் அதற்கான பாதுகாப்பு எப்போதோ காலாவதி. 2011 ஜூலை 27 அன்று இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் சொன்னது: இது படத்தில் பயன்படுத்த உருவான பொருள், சிற்பம் இல்லை. ஐன்ஸ்வொர்த் அங்கே தொடர்ந்து விற்கலாம். அதே தீர்ப்பில் ஒரு கொக்கியும் போட்டார்கள்: அமெரிக்காவில் விற்ற சில கவசங்களுக்காக, அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதாக இங்கிலாந்து நீதிமன்றத்திலேயே அவர்மேல் வழக்கு நடத்தலாம்.

பலர் கவனிக்காத விஷயம்: அதே வழக்கின் கீழ்நீதிமன்றத்தில் ஸ்டார்ம்ட்ரூப்பர் பொம்மைகளைப் பற்றியும் கேள்வி வந்தது. பொம்மை விளையாடுவதற்கானது, சிற்பம் இல்லை என்று 2008-இல் நீதிபதி முடிவுசெய்தார். 1902-இல் சிற்பமாக இருந்த பொம்மைச் சிப்பாய் நூறு ஆண்டில் வெறும் விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டான்.

இந்தியாவில் இதே கேள்வி வந்தால்?

பதிப்புரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுதான் விளையாட்டு மைதானம். வடிவமைப்புச் சட்டம், 2000-இன்கீழ் பதிவுசெய்யக்கூடிய ஒரு வடிவத்தைப் பதிவுசெய்யாமல் விட்டு, இயந்திர முறையில் 50 முறைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் அந்த வடிவத்தின் பதிப்புரிமை போய்விடும். பதிவுசெய்தாலும் 10 ஆண்டும் கூடுதலாக 5 ஆண்டும்தான்.

இதைப் படித்துவிட்டு, பழைய பொம்மை எல்லாம் பொதுச்சொத்து என்று துள்ளிக் குதிப்பவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். பொம்மையின் வடிவம் வேறு. அதற்கு அடிப்படையான கதாபாத்திர ஓவியம் வேறு. ஓவியத்தை முப்பரிமாணத்தில் செய்வதும் ஓவியரின் உரிமைக்குள் வரும் என்று 14-வது பிரிவு சொல்கிறது. ஒரு படைப்பு தூய கலைப்படைப்பா, அதிலிருந்து எடுத்துத் தொழில்முறையில் உற்பத்திசெய்த வடிவமா என்பதை முதலில் பார்க்க வேண்டும், அதன் பயன்பாட்டையும் பார்க்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் கிரையோகாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சோதனை வகுத்தது. அது எரிவாயு டேங்கர் லாரி சம்பந்தப்பட்ட வழக்கு. ஆனால் பொம்மைக்கு அந்தக் கேள்வி வரும்போது இந்தத் தீர்ப்பைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

பெயரை மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாமா?

வணிகச் சின்ன வழக்கிலிருந்து ஓரளவு தப்பலாம். அதனால்தான் நிஜ ஆளின் அளவில் ஆறில் ஒரு பங்காக வரும் உரிமமற்ற பொம்மைகளின் பெட்டியில் ‘கோமாளி’, ‘விண்வெளித் தளபதி’ என்று மொட்டையாகப் போட்டிருப்பார்கள். முகம் மட்டும் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

பதிப்புரிமைக்குப் பெயர் அவ்வளவு முக்கியமில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 1997-இல் ராஜா பாக்கெட் புக்ஸ் வழக்கில் ‘நாகராஜ்’ காமிக்ஸ் நாயகனைப்போல வந்த ‘நாகேஷ்’ என்ற பாத்திரத்துக்குத் தடை போட்டது. அமெரிக்காவில் மார்க் டவுல் என்பவர் பேட்மேனின் கார் மாதிரிகளைச் செய்து ஒவ்வொன்றும் சுமார் 90,000 டாலருக்கு விற்றார். பேட்மொபைல் வெறும் கார் இல்லை, தனக்கென்று குணமும் அடையாளமும் உள்ள கதாபாத்திரம், அதற்குப் பதிப்புரிமை உண்டு என்று 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காருக்கே அந்தஸ்து என்றால் முகமூடி போட்டவருக்குச் சொல்லவா வேண்டும்?

நம் நடிகர்களின் உருவத்தில் பொம்மை செய்தால் யாரிடம் உரிமம் வாங்க வேண்டும்?

இரண்டு பேரிடம். கதாபாத்திரம் தயாரிப்பாளருடையது, முகம் நடிகருடையது.

முகம் பற்றிய வழக்குக்கு இந்தியாவிலேயே ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது, அதுவும் பொம்மையைப் பற்றியே. பாடகர் தலேர் மெஹந்தியைப் போலவே உடையணிந்து, ஆடி, அவர் பாட்டைப் பாடும் பொம்மைகளைக் கடைகளில் விற்றார்கள். 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்கு நிரந்தரத் தடை விதித்து, அடையாள நஷ்ட ஈடாக ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பாடகரைக் கேலிசெய்யும் கார்ட்டூனுக்கு இதை நீட்டிவிடக்கூடாது என்றும் தீர்ப்பிலேயே எச்சரித்தார்கள், நல்ல வேளையாக. சென்னை உயர் நீதிமன்றமும் 2015-இல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவருடைய பெயர், உருவம், பேச்சு பாணி ஆகியவற்றை அனுமதியின்றி ஒரு படத்தில் பயன்படுத்தத் தடை விதித்தது. 2023-இல் அனில் கபூருக்கு டெல்லியில் இதேபோன்ற பாதுகாப்பு கிடைத்தது.

கையால் ஒரு கஸ்டம் செய்தால், வீட்டு 3டி பிரிண்டரில் ஒன்று அச்சடித்தால்?

உங்கள் அலமாரிக்கு ஒன்று என்றால் 52-வது பிரிவின் சொந்த உபயோக விலக்கைக் காட்டலாம். வலுவான வாதம்தான். அச்சடிப்பதற்கான கணினி ஃபைலை மற்றவர்களுக்குப் பரப்புவதும், ‘பெயின்டிங் கூலி மட்டும்’ என்று சொல்லி ஆர்டர் எடுப்பதும் வேறு கணக்கு. கூலி என்று எழுதினாலும் விற்பனை விற்பனைதான்.

நியூயார்க்கின் ‘சக்லார்ட்’ போன்ற கலைஞர்கள் பூட்லெக்கையே கலைவடிவமாக எடுத்து, ஸ்டார் வார்ஸ் உடலில் வேறு தலை ஒட்டி, கேலி வாசகத்தோடு அட்டையில் அடைத்துக் கலைக்கூடங்களில் வைத்தார்கள். கேலிக்கு அமெரிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நம் 52-வது பிரிவிலும் விமர்சனத்துக்கு இடம் உண்டு, ஆனால் பொம்மையை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கும் முதல் ஆளாக இருக்க நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

ரசிகர்கள் சட்டப்படியே செய்து விற்க வழியே இல்லையா?

ஜப்பானில் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு அது. ‘வொண்டர் ஃபெஸ்டிவல்’ என்ற திருவிழா 1980-களிலிருந்து நடக்கிறது. இப்போது சிபாவில், மகுஹாரி மெஸ்ஸே அரங்கில். அங்கே தனிநபர்கள் தாங்கள் செதுக்கிய உருவங்களைச் சிறு எண்ணிக்கையில், வாங்குபவரே ஒட்டிச் சேர்க்கும் பாகங்களாக (கிட்) வார்த்து விற்கிறார்கள். முன்கூட்டியே மாதிரியோடு விண்ணப்பித்தால், உரிமையாளர்கள் ‘ஒருநாள் உரிமம்’ கொடுக்கிறார்கள். அன்று, அந்த அரங்கில் மட்டும் விற்கலாம். மறுநாள் அதே பொம்மையைப் புதிதாக விற்றால் அது உரிமம் இல்லாத பொம்மை. எல்லாக் கம்பெனிகளும் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொண்ட கம்பெனிகளுக்கு நல்ல சிற்பிகள் கிடைத்திருக்கிறார்கள். இந்தியத் தயாரிப்பாளர்கள் யாராவது இதை முயற்சி செய்து பார்க்கலாம்.

உரிமமே தேவைப்படாத கதாபாத்திரங்கள் உண்டா?

உண்டு. 1968-இன் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தின் தலைப்பை வெளியீட்டுக்கு முன் மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனது. அக்காலச் சட்டப்படி அமெரிக்காவில் படம் அன்றே பொதுச்சொத்து. அதன் ஜாம்பி பொம்மைகளை யார் வேண்டுமானாலும் செய்கிறார்கள். ஆரம்பகால மிக்கி மவுஸ் 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுச்சொத்து, ஆனால் அந்த ஆரம்பகால உருவம் மட்டும். ஃபிராங்கென்ஸ்டைன் நாவல் யாருக்கும் சொந்தமில்லை. தட்டைத் தலையும் கழுத்தில் போல்ட்டும் வைத்த முகம் 1931-இன் யுனிவர்சல் படத்தினுடையது, அதன் அமெரிக்கப் பாதுகாப்பு 2026 முடிய. இப்படிப்பட்டவற்றை உரிமம் இல்லாதது என்பதற்காக பூட்லெக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சேகரிப்பைப் படம் எடுத்துப் போடலாமா? கண்காட்சியில் வைக்கலாமா?

தாராளமாக. வணிக நோக்கில் காட்சிக்கு வைப்பதைத்தான் சட்டம் குறிப்பிடுகிறது. டிக்கெட் போட்டாலோ, பக்கத்தில் விலைச்சீட்டு ஒட்டினாலோ யோசியுங்கள்.

வீட்டுக் குழந்தை விளையாடக் கேட்கிறது. கொடுக்கலாமா?

வேண்டாம். பழைய பூட்லெக்கில் என்ன பெயின்ட், எந்த பிளாஸ்டிக் என்று செய்தவருக்கே தெரிந்திருக்காது. ஈயம் இருக்க வாய்ப்புண்டு. புதியதும் மேல் இல்லை. 2019-இல் இந்தியத் தரக் கவுன்சில் டெல்லிப் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. தரக் கட்டுப்பாட்டு ஆணைக்கு அதுவும் ஒரு காரணம்.

அசலா, ரீகாஸ்டா, பழைய பூட்லெக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் காலின் பின்புறம் பாருங்கள். கென்னர் அசலில் ஆண்டும், ‘ஜிஎம்எஃப்ஜிஐ’ அல்லது ‘எல்எஃப்எல்’ என்ற எழுத்துகளும் இருக்கும். முன்னது ஜெனரல் மில்ஸ் ஃபன் குரூப், பின்னது லூகாஸ்ஃபில்ம். பூட்லெக்கில் அந்த இடம் வழுவழுவென்று இருக்கும், அல்லது சுரண்டிய தடம் தெரியும். சில அசல்களிலும் எழுத்து இருக்காது என்பதால் இதை மட்டும் நம்பவேண்டாம்.

அடுத்து அளவு. பொம்மையிலிருந்து அச்செடுத்து வார்த்தால் ஆறும்போது சுருங்கும். அசலின் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு மயிரிழை குள்ளமாக இருக்கும், முகத்தின் கூர்மை மழுங்கியிருக்கும். துப்பாக்கி போன்ற குட்டிச் சாமான்களைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் அசல் என்பார்கள். மிதக்கும் நகல்களும் வந்துவிட்டதால் அது இப்போது பாதிச் சோதனைதான்.

இப்போது போலிக்கே போலி வருகிறது. விலை ஏறியதும் பழைய பூட்லெக்குகளைப் புதிதாக வார்த்து, டீத்தண்ணீரில் அட்டையைப் பழுப்பாக்கி விற்கிறார்கள். அட்டையின் மேற்பரப்பு பழுப்பாக இருந்து, வெட்டுவிளிம்பு வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பொம்மையை மூடும் பிளாஸ்டிக் குமிழை (ப்ளிஸ்டர்) அட்டையில் ஒட்டிய பசை நாற்பது ஆண்டில் மஞ்சளித்து நொறுங்கியிருக்க வேண்டும். ஜெல்லிபோலப் பளபளத்தால் பணத்தைப் பையிலேயே வையுங்கள். வாங்கிவிட்டால் விற்றவரின் பெயர், தேதி, விலை, பார்சல் சீட்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஒட்டிவையுங்கள். சுங்கத்துக்கும் அதுதான் கேட்பார்கள், அடுத்து வாங்குகிற சேகரிப்பாளரும் அதுதான் கேட்பார்.